மூன்று ஏக்கர் பள்ளியில் நூற்றொரு ஏக்கர் மரம்

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.,
வியாழன் இரவு

அன்புள்ள ஐடா அத்தைக்கு,

லவினா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் மாமாவும் சுகமாயிருக்க நேற்றுவரை ஜெபித்தேன்; இன்று மட்டும் எனக்காகவே ஜெபித்துக்கொண்டேன், மன்னிக்கவும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். வேதாகமத்துக்குள்கூட வைக்காதீர்கள், மாமா அதைத் தினமும் திறப்பார். வேலைக்கு விடியற்காலை ரயிலைப் பிடிக்க அப்பா சீக்கிரமே படுத்துவிட்டார், போன் அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது, அதனால்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் எதிர்வீட்டு ரோனி அண்ணன் இதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் தருவார். படித்ததும் பத்து மணிக்குள் எங்கள் தலைமை ஆசிரியை கரோலின் மிஸ்ஸுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டும். அவர் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர், நீங்கள் சொன்னால் கேட்பார்.

போன மாதம் பள்ளிக்கு ஒரு படிவம் வந்தது. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமுமாக இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் இலக்காம், இப்போது ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கிறதாம், ஆகவே ஒவ்வொரு பள்ளியும் 2047க்குள் தன் நிலத்தில் எவ்வளவு மரம் வளர்க்கும் என்று எழுதித் தர வேண்டுமாம். மிஸ்ஸுக்குத் தேர்வு வேலை. "நீதானே பசுமை மன்றச் செயலாளர், அழகா எழுதிக் கொண்டா, கையெழுத்து போடறேன்" என்றார். எனக்குத் தலை கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். கனக்கக் காரணமும் இருக்கிறது அத்தை. மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் அரைத்துக் கொட்டிய சயனைடு மண் காற்றில் பறந்து வந்து விழும் எங்கள் பள்ளியின் பின்பக்கத்தில், புல்கூட முளைக்காது என்று எல்லோரும் சொன்ன இடத்தில், நாற்பது கன்று வைத்து முப்பத்தெட்டை உயிரோடு வைத்திருக்கிறோம். எல்லாம் புங்கையும் வேம்பும். சுரங்கத்தில் இருந்தது போலவே மூன்று ஷிஃப்ட்: காலை ஜெபத்துக்கு முன் ஒன்று, சாப்பாட்டு மணிக்கு ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று. ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் போட்ட தகர டோக்கன். டோக்கனை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போகிறவர் அதைத் திரும்ப ஆணியில் மாட்டும்வரை ஷிஃப்ட்டில் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருநாள் என் வகுப்பு ஷெர்வின் பதினேழாம் நம்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போய்விட்டான். எங்கேயோ குழியில் விழுந்துவிட்டான் என்று மொத்த ஷிஃப்ட்டும் ஆறரை மணிவரை பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடியது, அவன் வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். செத்துப்போன இரண்டில் ஒன்றை ஆடு தின்றது. இன்னொன்றின் மேல் அவனேதான் உட்கார்ந்தான்.

படிவத்தின் முதல் கட்டத்தில் பள்ளியின் மொத்த நிலம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"மேல மூணு ஏக்கர். கீழ எவ்ளோ போட்ட?" என்றார்.

"கீழ இன்னாப்பா?"

"இன்னாவா? உன் ஸ்கூலுக்கு நேர் கீழ சுரங்கம் அடுக்கடுக்கா நூறு லெவல் போவுது. உங்க தாத்தா அறுவதாவது லெவல்ல வேலை செஞ்சாரு. அத்த வுட்டுட்டு எழுதினா அவரு இன்னா நெனைப்பாரு? வெளியூர்க்காரன் மேல மட்டும் பாத்து கணக்கு போடுவான். நம்ம ஊரு மேல கொஞ்சம், கீழதான் நெறைய."

எனக்குப் புல்லரித்துவிட்டது. லெவலுக்கு மூன்று ஏக்கர் வீதம் நூறு லெவலுக்கு முந்நூறு, மேலே மூன்று, ஆக முந்நூற்று மூன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு நூற்றொன்று. மீதியே இல்லாமல் வகுபட்டதால் கணக்கு சரி என்று நினைத்துவிட்டேன் அத்தை. முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன், மிஸ் கையெழுத்திட்டார், படிவம் கோலார் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இந்தத் திங்கட்கிழமை பதில் வந்தது. மாவட்டத்தில் வேறெந்தப் பள்ளியும் இவ்வளவு பெரிய இலக்கு வைக்கவில்லையாம், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து பாராட்டுவாராம். மிஸ் அதைக் காலை ஜெபத்தில் வாசித்தார், எல்லோரும் கை தட்டினார்கள், நானும் எனக்கே தட்டிக்கொண்டேன். வகுப்புக்குப் போகும்போது ஷெர்வின் கேட்டான்: "எத்தினி ஏக்கர் எழுதின?"

"நூத்தியொண்ணு."

"நம்ம ஸ்கூலே மூணுதான். மிச்சத்த எங்க நடுவ?"

"கீழ லெவலையும் சேத்திருக்கேன்."

"கீழயா? சுரங்கம் மொத்தம் தண்ணி ரொம்பிக் கெடக்குது லவினா. தாமரை வேணா வெய்யி."

அப்போதுதான் நான் எழுதியது எனக்கே உறைத்தது. மிஸ் திட்டுவார் என்று மட்டும் பயமில்லை. தங்கம் தீர்ந்ததும் இந்த ஊரும் தீர்ந்துவிட்டது என்று வெளியூரில் பேசுகிறார்கள். நாளைக்கு அதிகாரி வாசலிலேயே நின்று, கே.ஜி.எஃப். பிள்ளைகளுக்கு ஏக்கர் கணக்குகூடத் தெரியாது என்று சிரித்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன்? முப்பத்தெட்டுக் கன்றையும் பார்க்காமலே போய்விடுவாரே! மிஸ்ஸுக்கும் தலைகுனிவு. அப்பா சொன்ன கணக்கு என்றால் அப்பாவுக்குத் தலைகுனிவு, ஆகவே நானே போட்ட கணக்கு என்று சொல்லப்போகிறேன். மிஸ்ஸிடம் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அதிகாரி வந்ததும் முதலில் பின்பக்கம் கூட்டிப்போகச் சொல்லுங்கள், கன்றுகளைப் பார்த்துவிட்டால் அவருக்கு மனசு இளகிவிடும், அதற்கப்புறம் படிவத்தை

ஐயோ அத்தை, யாரோ கதவைத் தட்டு

பின்குறிப்பு (வெள்ளி சாயங்காலம்): தட்டியது அப்பா. தண்ணீர் குடிக்க வந்தவர் கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுதும் படித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் ரயிலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து, அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள், "கணக்கு நான் சொன்னது சார், பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரிக்கு விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு பின்பக்கம் போய் முப்பத்தெட்டுக் கன்றையும் நம்பர் நம்பராக எண்ணினார். எண்ணும்போது சிரிக்கவில்லை. "வெச்சது செத்துப்போயி வருஷா வருஷம் அதே குழியில புதுக் கன்னு வெக்கிற எடத்தத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். நூற்றொன்றை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள் சார் என்று அழுதேன். "அது ஆகாதும்மா. ஒரு ஸ்கூலே இவ்ளோ எழுதியிருக்குது, உங்களுக்கு இன்னான்னு கேட்டு பங்காருபேட்டைலருந்து பூதிகோட்டை வரைக்கும் எல்லா ஸ்கூலையும் கணக்க ஏத்திக்க வெச்சிட்டேன். மொத்தம் கூட்டி மேல அனுப்பியாச்சு. கீழ நட முடியாது, ஊர்ல வெளிய எடம் பாக்கலாம். மழைக்கு முன்னாடி ஐந்நூறு கன்னு வரும், டோக்கன் அடிச்சு வெய்யி" என்றார். மிஸ் உடனே, இது பள்ளியின் நெடுநாள் திட்டம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அத்தை, மிஸ்ஸுக்குப் போன் செய்ய வேண்டாம், மேலே எழுதிய எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். 2047இல் அதிகாரியும் மிஸ்ஸும் ஓய்வு பெற்றிருப்பார்கள், எனக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்கும், நூற்றொரு ஏக்கருக்கும் பதில் சொல்ல நான்தான் இங்கே இருக்க வேண்டும். படித்து முடித்ததும் பெங்களூரில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைப்பதாகச் சொன்னீர்களே, அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

உங்கள் அன்பு மருமகள்,
லவினா