அங்கீகரிக்கப்பட்ட காது

மனிதனுக்கு இரண்டு காது உண்டு என்பதை அரசாங்கம் ஒருபோதும் மறுத்ததில்லை. அந்தக் காதுக்குள் அவன் என்ன வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்பத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் முடிவாகாமல் கிடந்தது. ஒருவன் பஞ்சு வைத்தான், ஒருவன் தீக்குச்சி விட்டுக் குடைந்தான், கேட்பார் இல்லை. பொதுமக்கள் இப்படித் தம் இஷ்டத்துக்குக் காதைப் புழங்கினால் நாடு உருப்படுமா? ஜூரோங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் குடியிருந்த ஆம்ப்ரோஸால்தான் இந்தப் பெருங்குறை நீங்கியது. அந்தச் சரித்திரத்தைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. என் பெயர் ராயப்பன். அவனுக்குப் பக்கத்து வீடு, ஒரே கம்பெனி பஸ், ஒரே கோயில், ஒரே பாடகர் குழு.

ஆம்ப்ரோஸுக்குக் கப்பல் பட்டறையில் துரு தட்டுகிற வேலை. எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்காக இரும்பை இரும்பால் அடித்ததில் காது பாதி போய்விட்டது. குரல் மட்டும் முழுசாக இருந்தது. இது அவனே சொல்வது. தன்னடக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் அவன். "ராயப்பா, போன திருவிழாவுல நான் பாடுனப்ப ஃபாதர் கண்ணைத் தொடைச்சாரு, பார்த்தியா லா?" என்பான். ஃபாதருக்கு அன்றைக்குக் கண்வலி.

கோயில் திருவிழாவில் தனிப்பாட்டு எப்போதும் அவனுக்குத்தான். அந்த வருஷம் ஒத்திகையில் ஆர்கன் ஒரு பக்கம் போனது, இவன் ஒரு பக்கம் போனான். பாடகர் குழுவை நடத்துகிற மரியஅந்தோணி மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஆம்ப்ரோஸ், ஆர்கன் எங்கே போகுது, நீ எங்கே போறே?"

"ஆர்கன் கொஞ்சம் என் பின்னாடி வரலாமே மாஸ்டர்?"

"திருவிழாவுக்கு அலெக்சாண்டர் பாடட்டும்."

அலெக்சாண்டர் பேங்க்கில் வேலை பார்ப்பவன். இடுப்பில் வாக்மேன், தலைக்கு மேலே ஹெட்ஃபோன், தொண்டையில் கொசு. அவனுக்கா அந்தப் பாட்டு? எனக்கே வயிறு எரிந்தது. கம்பெனி பஸ்ஸில் ஆம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வருஷம் பூரா அந்தத் தொட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறது இந்த ஒரு பாட்டுக்காகத்தான் ராயப்பா. அதுவும் போச்சுன்னா நான் வெறும் துரு தட்டுற ஆளுதானே?" என்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின் அவனிடம் இருந்தது. அதைப் போட்டுப் பாடினால் தகரக் குவளைக்குள் காக்கா கத்துவதுபோல் அவன் குரல் அவனுக்கே கேட்டதாம். அதைப் பிரித்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் இன்னும் ரெண்டு உடைந்த காது மிஷின் வாங்கி, அவற்றின் குட்டி ஸ்பீக்கர்களைப் பிடுங்கினான். சோப்பு டப்பாவுக்குள் பேட்டரியும் சர்க்யூட்டும். சட்டைக் காலரில் மொச்சைக்கொட்டை அளவு மைக். எல்லாம் சரி, ஸ்பீக்கர் காதுக்குள் அசையாமல் நிற்க வேண்டுமே? அதற்குக் காதின் அச்சு வேண்டும். அடுப்படியில் மனைவி அல்போன்சம்மாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, மாவை எங்கே கொண்டு போறீங்க?"

"காதுக்கு."

"எந்தக் காதுக்கு?"

"ரெண்டுக்கும்."

அந்த அச்சை வைத்து, தேக்கா பக்கம் பல் செட் செய்கிற ஒருவரிடம் இரண்டு கூடு வார்த்துக்கொண்டு வந்தான். பல் செட்டுக்குரிய சாமான் என்பதால் ஈறு நிறத்தில் பளபளவென்று இருந்தது. போட்டுக்கொண்டு வந்து நின்றபோது காது எதையோ பார்த்து இளிப்பதுபோல் தெரிந்தது.

அதற்குப் பிறகு டியூனிங். கூட்டின் குழாயில் பஞ்சு வைத்தான்: கம்பளிக்குள் பாடினதுபோல் இருந்தது. பஞ்சை எடுத்தான்: ஊசி குத்தினதுபோல் கீச்சென்றது. பழைய பட்டுத் துணியில் நறுக்கி ஒரு வட்டம் வைத்தான். ஊசியால் துளை போட்டான், மெழுகால் அடைத்தான், மறுபடி போட்டான். ஒவ்வொரு தடவையும் கேசட்டில் பதிந்து வந்த ஆர்கனோடு பாட்டை முதலிலிருந்து பாடுவான். எங்கள் மாடியில் இருந்த சீனக் குடும்பத்துக்கும் அந்தத் தேவமாதா பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு சாயங்காலம் குரல் ஒரு பக்கமும் ஆர்கன் ஒரு பக்கமும் சண்டை போடாமல் வந்து உட்கார்ந்தன. அடுத்த ஒத்திகையில் சுருதி பிசகவில்லை. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "தனிப்பாட்டு உனக்குத்தான்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது அமைதி மாதம். சத்தக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற ஓர் அமைப்பு, மக்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் புளோக்குக் கீழேயும் வந்தார்கள். மேற்பார்வை அதிகாரி திரு. மருதப்பன் அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஆம்ப்ரோஸ் அந்தப் பக்கம் போனான். மைக்குக்கு மைக் பார்த்ததோ என்னவோ, அவன் காதிலிருந்து கீ என்று ஒரு விசில் கிளம்பியது.

"அது என்ன?" என்றார் மருதப்பன்.

"என் குரலை நான் கேக்கிறதுக்கு சார்."

"பொதுநலன் கருதி இதைத் தற்காலிகமாகக் கைப்பற்றுகிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிழா. மறுநாளே ஆம்ப்ரோஸ் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனான். பெயர் கூப்பிடும்போது வரச்சொல்லி உட்கார வைத்தார்கள். காது மிஷின் உள்ளே, காது கேட்காதவன் வெளியே. பெயர் கூப்பிட்டார்கள். இவன் வரவில்லை. 'மேற்படி நபர் ஆஜராகவில்லை' என்று விஷயத்தை முடித்து வைத்தார்கள். இவன் விளக்கு அணைக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

அதற்கு மறுநாள் நானும் கூடப் போனேன். போனால், நமக்கே கேட்கவில்லை! கவுண்டரில் ஜரீனா என்ற பெண், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி குசுகுசுவென்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமாக் கூப்பிடும்மா" என்றேன்.

"அமைதி மாசம் லா அங்கிள். நாங்களே சத்தம் போட்டா எப்படி?"

"யாருமே எந்திரிச்சு வரலையே?"

"ஆமா அங்கிள், இந்த மாசம் வேலை சீக்கிரம் முடியுது."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, உதடு 'ஆம்' என்று திறந்ததும் ஆம்ப்ரோஸை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மருதப்பன் அவர்களின் மேசை மேல் ஈறு நிறக் கூடுகள் இரண்டும் சோப்பு டப்பாவோடு இருந்தன. ஆம்ப்ரோஸுக்குக் கேட்பதற்காக நான் ஒவ்வொன்றையும் அவன் காதில் கத்தினேன். அமைதி மாதத்தில் அதற்காக எனக்கு ஒரு தனி எச்சரிக்கை கிடைத்தது.

"இதை டியூன் பண்ணுனது யாரு?"

"நானே பண்ணினேன் சார்."

"டியூன் பண்ணக் காது கேட்கணுமே?"

"இதைப் போட்டிருந்தா கேக்கும் சார்."

"அப்போ உங்களுக்குக் காது கேட்குது. கேட்கிறவருக்கு இது அநாவசியம்."

"போடாட்டிக் கேக்காது சார்."

"கேட்காதவர் பண்ணின டியூனிங் செல்லாது. நீங்க எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு அமைதி மாதம் முடிஞ்சதும் வாங்க."

ஆம்ப்ரோஸ் மேசையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஞாயித்துக்கிழமை பாடணும். வேற எதுவும் நான் கேக்கலை சார். வேணும்னா நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க!"

போட்டார். அங்கேதான் எல்லாருடைய தலையெழுத்தும் மாறியது. மைக்கைக் காலரில் செருகிக்கொண்டு, "பொதுமக்களின் கவனத்திற்கு" என்றார். நின்றார். மறுபடியும், இன்னும் கொஞ்சம் இழுத்து, "பொதுமக்களின் கவனத்திற்கு..." அவர் முகம் கனிந்துவிட்டது.

"இது என் குரலா?"

"ஆமா சார்," என்றோம்.

"வீட்டுல இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே!"

சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை முழுக்க உரக்க வாசித்தார். பிறகு தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை வாசித்தார். ஆம்ப்ரோஸ் கும்பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை சார், ஞாயித்துக்கிழமை" என்றான். "கேட்குது, கேட்குது" என்றார் அவர். தன் குரலைத்தான் சொன்னார்.

உரிய பரிசீலனைக்குப் பின் அனுமதி கிடைத்தது. நிபந்தனை, அவருக்கும் ஒன்று செய்துகொடுக்க வேண்டும். அவர் காதிலும் சப்பாத்தி மாவு ஏறியது. போட்டுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சுற்றுவட்டாரச் சத்தம் கலக்குது. இப்ப நீங்க பேசுறதுகூடக் கொஞ்சம் கேட்குது. அதை எடுத்துடுங்க."

ஆம்ப்ரோஸ் பஞ்சை அடைத்து, துளையை மூடி, மைக்கை வாய்ப்பக்கம் திருப்பி, போட்டிருக்கிறவன் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்காதபடி செய்து கொடுத்தான். "அருமை! இதுதான் இனிமேல் அங்கீகரிக்கப்பட்ட தரம்" என்றார் மருதப்பன். "உங்களுடையதையும் இப்படியே மாத்தி, முத்திரை வாங்கிட்டுப் போங்க."

"சார், எனக்கு ஆர்கன் கேக்கணும்!"

"ஆர்கன் சுற்றுவட்டாரச் சத்தம், மிஸ்டர் ஆம்ப்ரோஸ்."

வேறு வழியில்லை. தன் கையாலேயே மெழுகு வைத்துத் துளையை அடைத்தான். மேலே அரக்கு முத்திரை வைத்தார்கள். உடைத்தால் குற்றம்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! மேலதிகாரிக்கு ஒன்று, அவருக்கு மேலதிகாரிக்கு ஒன்று, கவுண்டருக்கு மொத்தமாக. ஜரீனா தன் குசுகுசுப்பைத் தானே கேட்டு மெய்சிலிர்த்தாள். அந்த வாரம் வாரியத்தில் ஒரு புகாரும் யார் காதுக்கும் எட்டவில்லை. அமைதி மாத இயக்கம் மாபெரும் வெற்றி என்று ஒருவரை ஒருவர் பாராட்டிப் பேசிக்கொண்டார்கள். அதிலும் அவரவர் பேச்சைத்தான் அவரவர் கேட்டார்கள்.

அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது என்றதும் ஊர் சும்மா இருக்குமா? வாக்மேன் பையன்கள் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தார்கள். அதில் எவனோ பாடுகிறான், இதில் நாமே பேசுகிறோம். தேக்காவில் ஒரு நகைக்கடைக்காரர் கூட்டைத் தங்கத்தில் செய்து, ஓரத்தில் கல் பதித்து, கல்யாணச் சீருக்கு விற்றார். நானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் பாலில்லாத கோப்பி-ஓ கேட்டேன், ரவா தோசை வந்தது. ஆனால் நான் கேட்ட அழகு இருக்கிறதே! கணீரென்று! தோசையையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அலெக்சாண்டர் கோயிலில் சண்டை பிடித்தான். "அவருக்கு மட்டும் இருக்கு, எங்களுக்கு இல்லன்னா அது ஃபேர் இல்ல மாஸ்டர்!" எல்லாருக்கும் என்று தீர்ப்பானது. ஆம்ப்ரோஸ் வீட்டில் இரவு பகலாகக் காது அச்சு. "இந்த வீட்டுல மாவு காதுக்குத்தான் போகுது, வயித்துக்குப் போகலை" என்று அல்போன்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரிலேயே காதில் எதுவும் போடாத ஆள் அவள்தான். மாவு பிசையவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

திருவிழா வந்தது. கோயில் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக மருதப்பன் அவர்கள், ஏதோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் காதிலும் ஒன்று, ஃபாதர் காதிலும் ஒன்று. ஆம்ப்ரோஸ் முன்னால் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, வியர்த்த நெற்றி. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். பின்பாட்டுக்கு நான் தொண்டையைக் கனைத்தேன். அடேயப்பா, அந்தக் கனைப்பே ஒரு கச்சேரி! அதற்கு மேல் நான் பாடினேன் பாருங்கள். எனக்கே புல்லரித்துவிட்டது.

பூசை முடிந்து கோயில் வாசலில் ஆம்ப்ரோஸ் ஒவ்வொருவராக நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் சிரித்த முகமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அலெக்சாண்டர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். என்னிடமும் வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உதடு அசைந்தது, கண் நிறைந்திருந்தது. நானும் உருகிவிட்டேன். "ஆமா ஆம்ப்ரோஸ், இன்னிக்கு நான் என் வாழ்நாள்ல பாடாத பாட்டுப் பாடிட்டேன்" என்றேன்.

மறுநாள் அல்போன்சம்மாள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, என் காதிலிருந்த இரண்டையும் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"அண்ணே, அவரு ராத்திரி பூரா தூங்கலை. ஆர்கனோட சேர்ந்துச்சா, பிசகிடுச்சா, அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியணும். அதைத்தான் உங்ககிட்டயும் கேட்டாரு. ஒரு மனுஷன் பதில் சொல்லலை. நான் நல்லாருந்துச்சுன்னா, பெண்டாட்டி சொல்றது கணக்கில்லைங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. பாவம், என்ன பாடுபட்டான்! இத்தனை பேர் இருந்த கோயிலில் அவன் பாட்டைக் கேட்டது இவள் ஒருத்திதான்.

"வர்றேன் தங்கச்சி, கட்டாயம் வர்றேன். ஆனா நான் என்ன சொல்றதுன்னு தெரியணுமில்ல? உள்ளபடியே சொல்லு, அவன் எப்படிப் பாடினான்?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சொன்னாள். அதற்குள் நான் காதில் இரண்டையும் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன், நான் கேட்ட அந்தக் கேள்வி எவ்வளவு உருக்கமாக இருந்தது என்று இன்னொரு தடவை சொல்லிக் கேட்டுப் பார்ப்பதற்காக.