வேன் வருவது கன்ஃபார்மா?

பயந்தவன் கையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடைத்தால் ஊர் தாங்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்குக் கிடைத்தது 'கன்ஃபார்ம்'. திருக்கனூர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்டது. "லோடு கிளம்பிடுச்சா, கன்ஃபார்ம் பண்ணு" என்பார் முதலாளி. கடையில் அதற்கு அர்த்தம், லாரி வரும். டாக்டர் சொன்னால், டெங்குதான். ரயிலில், படுத்துக்கொண்டு போகலாம். எனக்கு ஒரே அர்த்தம்: இன்னொரு தடவை கேள். (கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் நான்.)

செல்லிப்பட்டில் எங்கள் வீட்டில் தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அரியாங்குப்பத்திலிருந்து வந்து தட்டு மாற்ற வேண்டும். "ஒரு போனு போட்டுக் கேட்டுக்கடா" என்றார் அப்பா. ஒரு போன் என்றுதான் சொன்னார்.

விடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அடித்தேன். "மாமா, கன்ஃபார்மா வர்றீங்களா?" வருகிறோம் என்றார். பல் விளக்கி முடிப்பதற்குள் சந்தேகம். குரலில் சுரத்தே இல்லையே? மறுபடி அடித்தேன். பிறகு அவர் தம்பிக்கு. பிறகு அவர் மச்சினருக்கு. கடைசியில் அவர்கள் பேசிவைத்த வேன் டிரைவரிடமே, "அவங்க வர்றது கன்ஃபார்மாண்ணே?" என்று விசாரித்தேன். (நம்பர் எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.)

வில்லியனூரில் வேனை ஓரங்கட்டிவிட்டு மாமாவே கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, காலைலேர்ந்து வர்றீங்களா வர்றீங்களான்னு உயிர வாங்குற. நாங்க வராம பூட்டா தேவலன்ற மாதிரி கீது. பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடு, இப்டியே திரும்பிடுறோம்."

நான் பதறிப்போய், "திரும்புறது கன்ஃபார்மா மாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாதி கட்டிய பட்டுப்புடவையோடு ஓடிவந்த கவிதா போனைப் பிடுங்கினாள்.

"மாமா, எனக்கு முழு இஷ்டம். எங்க அண்ணன் இப்டிதான். சாமி கும்புட்டாக்கூட, காதுல வுழுந்துச்சான்னு சாமியவே திருப்பிக் கேக்கும். நீங்க வாங்க, சாம்பார் ஆறுது."

அந்தப் பக்கம் வேனே சிரித்தது. வந்தார்கள், தட்டு மாற்றினார்கள். தட்டு மாறி முடியும்வரை என் போனை அம்மா அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அரியாங்குப்பத்தில் இன்றுவரை என் பெயர் 'கன்ஃபார்ம் மச்சான்'. கவிதாவுக்குப் பிரசவமான அன்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "மச்சான், பொண்ணு பொறந்துக்குது. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க. டாக்டர், நர்சு, வாட்ச்மேன் எல்லாரையும் கேட்டுட்டேன். போன வச்சிடு."

வைத்துவிட்டேன். வைத்த கையோடு மாமாவுக்கு அடித்தேன். அவர் 'அலோ'கூடச் சொல்லவில்லை.

"பொண்ணுதான் தம்பி."