துரையின் தொப்பை

மீனைத் தனியாக விட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று பல்செட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். டாக்டரம்மா கொடுத்த முதல் தேதி அப்படிப் போனது. இரண்டாவது தேதியும் போனது.

இடது தாடைக்குக் கீழே அவருக்கு ஒரு கட்டி. வலிக்காது. வலிக்காததுதான் கவலை என்றார் டாக்டரம்மா. எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும். அவருடைய அண்ணனுக்கும் இப்படி ஒன்று வந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். திரும்பி வர நாலு பேர் தேவைப்பட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு தம்பி தாடி வளர்த்தார். கட்டி வளர வளரத் தாடியும் வளர்ந்தது.

பல் லேபில் வேலை. மெழுகில் ஈறு வடித்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றி, ஊரில் பாதிப் பேரைக் கடிக்க வைத்தவர். வீட்டில் அவர் பேச்சுக்குத்தான் பல் இல்லை. அதனால் மீனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

மீன் கூடத்து மூலையில், கடல்நீர்த் தொட்டியில் இருந்தது. கட்டைவிரல் நீளம், நீலமும் ஆரஞ்சும் குழைத்துப் பூசிய உடம்பு. உயிரோடு துடிப்பதைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காது. அதனால் பெயர் துரை. துரைக்காகச் சமையலறை ஜன்னலில் ஒரு பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அடியை வெட்டிய அந்தப் பாட்டிலில் உப்புநீர் ஊற்றி, ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைத் தூவி, காற்றுக்குழாய் விட்டு, விளக்கும் வைத்தால், மறுநாள் ஆரஞ்சுப் புள்ளிகளாகக் குஞ்சு பொரிந்திருக்கும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடியில் சேரும். உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டுக்குழாயில் எடுத்து துரையின் மூக்குக்கு நேரே விடவேண்டும்.

"நான் பொரிக்க வைக்கிறேங்க. நீங்க போய் அட்மிட் ஆகுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு வராது."

"உப்புத் தண்ணியில முட்டையைப் போடணும். இதுல வராததுக்கு என்ன இருக்கு?"

"ஓடு கலந்துச்சுன்னா அவனுக்குக் குடல் அடைச்சுக்கும். இது உயிர் விஷயம்."

"ஆமா, உயிர் விஷயம்தான்," என்றாள், அவர் தாடியைப் பார்த்துக்கொண்டே.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படி நினைத்தது அவர் தப்பு.

அவள் குழந்தைகள் காப்பகத்தில் சாப்பாடு ஊட்டுகிறவள். வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கிய பிள்ளைகளையெல்லாம் பார்த்தவள். தினமும் அவர் வருவதற்கு முன்பே வீடு திரும்பிவிடுவாள்.

கொஞ்ச நாளில் துரை சாப்பாட்டை நிறுத்தியது. மாலையில் அவர் சொட்டுக்குழாயை நீட்டினால், குஞ்சுகள் மூக்கின் மேலேயே நீந்தினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். துரையின் அடிவயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

கட்டி.

மறுநாள் லேபுக்கு லீவு போட்டார். தனக்காக ஒரு மணி நேரம்கூடப் போடாதவர், மீன் கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்தார். கடைக்காரர் குனிந்து, டார்ச் அடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து சார்?"

"ஒரு வாரமா. சாப்பிடவே மாட்டேங்கிறான். கட்டி பெருசாயிட்டே போகுது. பிழைப்பானா?"

"சார், இது கட்டி இல்ல."

"பின்ன?"

"தொப்பை."

"பட்டினி கிடக்கிறவனுக்கு எப்படிய்யா தொப்பை வரும்?"

கடைக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "அக்கா, பாக்கெட் தீர்ந்திருக்குமே. இன்னொண்ணு கொடுத்தனுப்பவா?"

மனைவி ஃப்ரீசரைத் திறந்து பட்டாணி டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே பட்டாணி இல்லை. உறைந்த இறால், கட்டி கட்டியாக. எல்லாம் செத்தது.

"முதல்ல உங்க குஞ்சோட கொஞ்சம் கலந்து கொடுத்தேன்," என்றாள். "குழாயை ஆட்டினா செத்ததும் உயிரோட இருக்கிற மாதிரி நீந்தும். அப்புறம் குஞ்சைக் குறைச்சேன். இப்ப ஆட்டக்கூட வேணாம். மத்தியானமே வயிறு முட்டத் தின்னுடுறான். சாயங்காலம் உங்களுக்காக எத்தனை தடவை தின்பான்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இன்னொரு மீன் வாங்கிட்டு வந்திருப்பீங்க."

கடைக்காரர் தரையைப் பார்த்தார். அது நடந்திருக்கக்கூடியதுதான்.

"மீனுக்கு வீக்கம்னதும் லீவு போட்டு ஓடினீங்க," என்றாள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு பெட் சொல்லியிருக்கேன். பை கட்டியாச்சு. கிளம்புங்க."

வேறு காரணம் ஒன்றும் கைவசம் இல்லாததால் அவர் போனார். முதல் வேலையாகத் தாடியைச் சிரைத்தார்கள். தாடி போனதும் கட்டி அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டரம்மா ரிசல்ட்டோடு கட்டிலருகே வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"கெட்ட கட்டிதான். முழுசா எடுத்திருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் கத்தியையே எடுத்திருக்க மாட்டேன். இனிமே ஒன்றரை மாசம் தினமும் வந்து கரண்ட் வைக்கணும், ரேடியேஷன். ஒருநாள்கூடத் தப்பக்கூடாது."

பல்செட்டுக்காரருக்குக் கழுத்து முழுக்கக் கட்டு. குரல் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஒரு விரலை உயர்த்தி, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

மனைவி குனிந்து, உயர்த்திய விரலைப் பிடித்து மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள்.

"துரை நல்லா இருக்கான். உங்களத்தான் கேக்கவே இல்ல."