புக்கு அண்ணன் ஏற்றிய பக்கங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், நல்ல மனிதனைக் கிறுக்கனாக்கும் திறமையில் எங்கள் புக்கு அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

பாறசாலையில் மருந்துக்கடை மாடியில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். எல்லோரும் எழுதும் கோட் 'கிட்' என்ற பொது இடத்தில் சேரும். அதற்கான விளக்கப் பக்கங்களை யாரும் எழுத வேண்டாம். ஒரு கட்டளை போட்டால் டீ ஆறுவதற்குள் தானாக முளைக்கும். முளைத்ததைக் கிட்டில் ஏற்றக்கூடாது. அண்ணனோ அதற்குப் 'புக்கு' என்று பெயர் வைத்துத் தினமும் ஏற்றுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அன்றைய தேதி விழுவதால் எல்லாப் பக்கமும் தினமும் மாறும். என் ஒருவரித் திருத்தத்தை அந்தக் குப்பைக்குள் துழாவ வேண்டும்.

மேலாளர் நெய்யாற்றின்கரைக்காரர். மலையாளத்தில் தன்மையாகச் சொன்னார்: "அண்ணா, ஆ பேஜெல்லாம் ஒந்நு மாற்றி வைக்கணே." ஒதுக்கி வை என்று அர்த்தம்.

மறுநாளும் புக்கு ஏறியது.

"என்ன அண்ணா இது?"

"எலே மக்கா, சாரு மாத்தி வைக்கச் சொன்னாருல்லா? நேத்துள்ளத மாத்தி இன்னைக்குள்ளத வச்சேன். இதுல என்ன தெற்று உண்டு?"

பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிற மனுஷன். வேண்டாதபோது மட்டும் மலையாளம் மறந்துவிடும்!

அந்தப் பக்கங்களைக் கிட் கண்டுகொள்ளாதபடி அமைத்தேன். அண்ணன் வலுக்கட்டாயமாக ஏற்றும் கட்டளையைத் தேடிப் படித்தார். வேறு எதையுமே படிக்காதவர்!

கடைசியில் மேலாளர் வெடித்தார். இன்னொரு புக்கு ஏறினால் அண்ணனுக்கு வேலை கிடையாது. கொஞ்ச நாள் அண்ணன் அடங்கியிருந்தார்.

போன மாதம் ஒருநாள் காலையில் கிட்டைத் திறந்தால், புக்கு!

"அண்ணா, வேல போயிரும்னு தெரியாதா?"

"கோவப்படாத மக்கா. புது மருமகன் வந்திருக்கான். மாமாக்கு என்ன வேலைன்னு கேட்டான். கோட் எழுதுறதக் காட்டினா அவனுக்கு என்ன மனசிலாவும்? புக்குன்னா போன்ல தொறந்து காட்டலாம். இதாக்கும் என் வேலைன்னு."

கீழே மேலாளரின் பைக் சத்தம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே, அண்ணன் ஏற்றியதைச் சுவடில்லாமல் அழித்தேன். பக்கங்களை மட்டும் அவர் போனுக்கு அனுப்பினேன்.

அண்ணன் வேலை போனால், நாளைக்கே அவர் நாற்காலியில் ஒரு புத்திசாலி வந்து உட்காரலாம். எனக்குக் கோபமே வராது. அப்படிப்பட்ட ஆபீஸுக்கு நான் எதற்குப் போக வேண்டும்?