புள்ளி வைக்க நேரம் இருந்ததே

சாட்டில் வந்த வார்த்தையைப் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வார்த்தையை ஒதுக்கிவிட்டு, அது எத்தனை நிமிடம் தாமதித்தது, எப்படி முடிந்தது, கூட வரவேண்டிய எது வரவில்லை என்று மட்டும் படிக்கிற இனம் ஒன்று உண்டு. மாதிரிக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் ரங்கூனின் லான்மடா பேட்டையில் பூட்டுக் கடை வைத்திருந்த உதுமான்.

உதுமானுக்கும் அதே ஊரின் தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் மாமா மகள் தஸ்லீமாவுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்தாயிற்று. அதுவரை இருவரும் நேரில் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கம்ப்யூட்டர் அந்தச் சட்டத்தில் வரவில்லை, ஏனென்றால் சட்டம் போட்டவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆகவே தினமும் மாலை நாலரைக்கு அவரவர் பேட்டையின் நெட் கடையில் இருவரும் ஆஜர்.

ஒரு திங்கட்கிழமை உதுமான் எழுதினான்: "நிக்காஹுக்குப் பச்சைப் பட்டு எடுக்கலாம்னு உம்மா சொல்றாங்க."

தஸ்லீமா எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை நான்கு நிமிடம் காட்டியது. பிறகு பதில் வந்தது: "சரி."

வழக்கமாக வரும் "மச்சான்" இல்லை. சிரிப்பு முகம் இல்லை. கடைசியில் ஒரு புள்ளி. இரண்டெழுத்துக்கு நான்கு நிமிடமா? மிச்சம் எங்கே போனது? எழுதி அழித்தாளா? அழித்தாள் என்றால் என்ன எழுதியிருந்தாள்? உதுமான் அந்தப் பக்கத்தை அச்சடித்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் இருந்த சிநேகிதன் கமாலிடம் போய் விரித்தான்.

கமால் சாதாரண மனிதன். படித்துப் பார்த்துவிட்டு, "சரின்னு போட்டிருக்கு" என்றான்.

"அந்தப் புள்ளியைப் பாரு."

மின்சாரத்துக்கு ரங்கூனில் மீ என்று பெயர். பேட்டைக்குப் பேட்டை முறை வைத்து வரும், போகும். எந்தப் பேட்டைக்கு எப்போது என்பது ஊருக்கே மனப்பாடம். "தின்கன்ஜூன்ல அஞ்சு மணிக்கு மீ போயிரும், தெரியும்ல?" என்றான் கமால். "அவசரத்துல அடிச்சிருப்பா."

"அவசரம்னா புள்ளி வைக்க மட்டும் எப்படி நேரம் இருந்துச்சு?"

கமால் டீயைக் குடித்தான். வேறு என்ன செய்வது?

அந்த வாரம் முழுக்க இதே கதை. வெள்ளிக்கிழமை உதுமான் தன் உம்மா நூருன்னிசாவிடம் நிக்காஹ் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னான், தஸ்லீமாவுக்கு மனசில்லையாம்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"சரின்னு சொல்லுச்சு."

"அப்புறம் என்ன?"

"எப்படிச் சொல்லுச்சுன்னு பார்க்கணும்ல உம்மா."

"எப்படிச் சொல்லுச்சு?"

"டைப் அடிச்சு."

மறுநாள் காலை நூருன்னிசா மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சட்டமாவது ஒன்றாவது. தன் தம்பி வீட்டுக் கூடத்தில் மகனை உட்காரவைத்துத் தஸ்லீமாவைக் கூப்பிட்டார். அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நெட் கடை ஜெனரேட்டர் கெட்டுப்போச்சு மச்சான். நெறைய அடிப்பேன், லைன் போயிரும். மீ போறதுக்குள்ள சரின்னு மட்டும் அனுப்புவேன். எனக்குப் பச்சை பிடிச்சிருக்கு. உங்களையும் பிடிச்சிருக்கு." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. கண் நிறைந்திருந்தது. துப்பட்டாவின் முனையை விரலில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

குரல், கண், விரல் எல்லாம் இரண்டு முழத் தூரத்தில். உதுமான் பாவம், திணறிப்போனான். இதில் எதற்கு என்ன அர்த்தம்? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "இதையே சாயங்காலம் எழுதி அனுப்பிரு. அப்பதான் எனக்குச் சரியாப் புரியும்."

தஸ்லீமா திரும்பி உள்ளே போனாள்.

மாலையில் எழுதித்தான் அனுப்பினாள். லைன் போகவில்லை, மீயும் போகவில்லை. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று வந்தது. உதுமான் அதை அச்சடித்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினான். இத்தனை நாளில் அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைக் கமால் பார்த்ததில்லை.

"புள்ளி இல்ல, பார்த்தியா? இன்னும் என்னமோ சொல்ல வர்றா."

அவன் கிடக்கட்டும். நீங்கள் அந்த இனமில்லை. இந்தக் கடைசி வரியின் முடிவை இரண்டாம் முறை உற்றுப் பார்க்காமல் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்