முந்தின ஸ்டாப் கழுவிய ஃப்ளாப்பி

காரைக்கால் பஸ்ஸில் ஒருநாள்கூட நின்றபடி பயணம் செய்யாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பெயர் அப்போது எங்களுக்குத் தெரியாது. முந்தின ஸ்டாப் என்போம். திருவேட்டக்குடிக்காரர். பஸ் அவருடைய ஊருக்கு வரும்போதே நிறைந்துவிடும் என்பதால் முந்தின நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறுவார். அங்கேயும் கூட்டமென்றால் அதற்கும் முந்தினது. ஒரு திருவிழாச் சமயம் இப்படியே பின்னால் போய்ப் போய், பஸ் புறப்படும் இடத்துக்கே போய்ச் சேர்ந்து, டிரைவருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாராம். நான் நம்புகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்று, மாணவர்கள் எட்டு. அதில் ஏழு பேர் என்னைப் போல டிகிரி முடித்துவிட்டுக் கால் தரையில் பாவாமல் திரிந்தவர்கள். எட்டாவது, இவர். நாற்பதுக்குப் பக்கம் வயது. ஓர் அரசாங்க ஆபீஸில் எட்டு வருஷமாகத் தினக்கூலி. மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தால் நிரந்தரமாக்கும் பட்டியலில் சேர்க்கிறோம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஆகவே சர்டிபிகேட் பரீட்சையை நாங்கள் எழுதப்போகிறோம் என்றால், அவர் எட்டு வருஷத்தைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்.

சென்டர் முதலாளி பழுத்த பக்திமான். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், கீபோர்டு, ஃபேன், பூட்டு, துடைப்பம் ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமி. எதையாவது புதிதாகத் தொடங்க வேண்டுமே? பாண்டிச்சேரியிலிருந்து புது டாஸ் வாங்கிவந்து, பழையதை எடுத்துவிட்டு அதை ஏற்றினார். டாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பும் புரோகிராம். கற்பூரம் காட்டினோம், சுண்டல் சாப்பிட்டோம்.

சுண்டல் வரைக்கும் எல்லாம் சரி. பிறகு பரீட்சைக்கு வேண்டிய புரோகிராமைத் திறந்தால், மெமரியில் இடமில்லை என்றது திரை. புது டாஸ் கல்யாண வீட்டுக்கு முதல்நாளே வந்த சொந்தக்காரர் மாதிரி பாதி இடத்தில் படுத்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வாளர் வருகிறார்.

"பரீட்சைய ஆறு மாசம் தள்ளிப்போடச் சொல்லிடுறேன்" என்றார் முதலாளி.

முந்தின ஸ்டாப் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "ஆறு மாசம்லாம் எங்கிட்ட இல்லீங்க சார். இடம் இல்லேன்னா பின்னாடி போக வேண்டியதுதான். பழைய டாஸையே போடுவோம்."

"விஜயதசமியில ஆரம்பிச்சத விஜயதசமியிலேயே அழிக்கிறதாங்க?"

"அழிக்கலீங்க. நேத்தைக்குப் போறோம். நேத்து ஆயுத பூஜை, அதுவும் நல்ல நாள்தானே."

முதலாளி பஞ்சாங்கத்தை எடுப்பதற்குள் வேலை தொடங்கிவிட்டது. பழையதை ஏற்ற, ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பரீட்சையில் காட்ட வேண்டிய எங்கள் புராஜெக்ட்கள் அதில்தான் இருந்தன. புரோகிராமுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று ஃப்ளாப்பியில் பிரதி எடுத்ததில் காலி ஃப்ளாப்பிகள் எல்லாம் தீர்ந்தன. அவசரக்குடுக்கையான நான் உடனே ஹார்ட் டிஸ்க்கையும் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், எங்களில் ஒரே பெண்ணான மல்லிகா, பழைய டாஸ் இருந்த ஃப்ளாப்பியை பீரோவிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

ஃப்ளாப்பி என்றால் சதுரமான கறுப்பு உறை. உள்ளே வட்டமாக ஒரு மெல்லிய தகடு. தகட்டைக் கம்ப்யூட்டர் படிப்பதற்காக உறையில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் நட்டநடுவில், தகட்டின்மேல், சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

"யாரு சார் இதுல வெச்சது?" என்றாள் மல்லிகா.

"நான்தாம்மா. பாத்தா நெத்தி மாதிரியே இருந்துச்சு" என்றார் முதலாளி.

முந்தின ஸ்டாப் என்னிடம் கையை நீட்டினார். "தம்பி, ஒரு பிளேடு குடுங்க."

உறையின் ஓரத்தைக் கீறித் தகட்டை உருவினார். டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி, குளியல் சோப்பைக் குழைத்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார். நான் மூடிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, உள்ள இருக்கிற டாஸும் கரைஞ்சு போயிடாதா?"

"கேசட் மழையில நனைஞ்சா பாட்டு கரைஞ்சா போயிடுது? பேசாம ஃபேனைப் போடுங்க."

தகடு காய்ந்தது. பழைய உறைக்குள் சந்தனம் ஊறியிருந்தது; வேறு உறை வேண்டும். புது டாஸ் ஃப்ளாப்பியை முதலாளி மார்போடு அணைத்துக்கொண்டார். நாங்கள் ஏழு பேரும் எங்களுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்தோம். அவர் யாரையும் கேட்கவில்லை. தன் புராஜெக்ட் இருந்த ஃப்ளாப்பியைக் கீறி, தன் தகட்டை நியூஸ் பேப்பர் மடிப்பில் வைத்துவிட்டு, கழுவிய தகட்டை அந்த உறையில் நுழைத்தார்.

கம்ப்யூட்டர் கரகரவென்று இருமியது. ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவது இருமலில் பழைய டாஸ் திரையில் வந்து கண்சிமிட்டியது. நாங்கள் குதித்த குதியில், மாடி இடிகிறதா என்று பார்க்க ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. எல்லாம் ஏறி முடிந்தபின் முந்தின ஸ்டாப் தன் தகட்டை மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் ஏழு பேரும் எழுதி முடித்தோம். கடைசியாக அவர். ஃப்ளாப்பியைச் செருகினார். படிக்க முடியவில்லை என்றது திரை. இன்னொரு முறை செருகினார். அதே பதில். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த தடவை பாத்துக்கலாமே."

முந்தின ஸ்டாப் ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, திறப்பு வழியாகக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சார், ஒரு பிளேடு எடுத்துக்கட்டுமா?"

"பரீட்சையிலயா?"

"தகட்டைத் தலைகீழாப் போட்டுட்டேன் சார். மேல்பக்கம் கீழ போயிடுச்சு."

தேர்வாளர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணெதிரிலேயே உறை கீறப்பட்டது, தகடு திருப்பப்பட்டது, உள்ளே போனது. திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. முந்தின ஸ்டாப்புடைய ஆபீஸின் தினக்கூலி ஆட்கள், சேர்ந்த தேதி வரிசையில்.

"உங்க புராஜெக்ட்ல உங்க பேரே மூணாவதா இருக்கு?"

"எனக்கு முன்னாடி ரெண்டு பேர் சேர்ந்தாங்க சார். அவங்களுக்கும் இன்னும் நிரந்தரம் ஆகல."

தேர்வாளர் மார்க் போட்டார். மாதக் கடைசிக்கு முன்பே சர்டிபிகேட் ஆபீஸுக்குப் போனது. நிரந்தரப் பட்டியலில் பெயரும் ஏறியது.

பரீட்சை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நாங்கள் ஏழு பேரும் வாசலில் முட்டிமோதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெயரை முதன்முதலாக அந்தத் திரையில்தான் படித்தேன். இங்கே எழுதலாம் என்று பேனாவையும் எடுத்தேன். அவ்வளவு பெரிய மனிதருக்கு அது ரொம்பச் சின்னப் பெயராக இருக்கிறது.