காலி நாற்காலியிடம் பேசியதால் மாமியாரைத் தேடிப் போன கதை

வேலைக்காகக் கற்றுக்கொண்ட வித்தைகளை வீட்டில் பயிற்சி செய்வதாக இருந்தால், முதலில் கதவைத் தாழிட வேண்டும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

நான் பேச்சுப் பயிற்சியாளர். பெரும்பாலும் திக்கிப் பேசுகிறவர்கள் வருவார்கள். என்னைப் போன்ற சிலருக்கு மாதமொருமுறை வீடியோ அழைப்பில் ஒரு மேடம் வழிகாட்டுவார். ‘மனிதர் வேறு, அவர் பிரச்சினை வேறு, பிரச்சினையைத் தனியே உட்கார வைத்துப் பேசு’ என்பது அவர் முறை.

ஒரு மாத அழைப்பில் மாட்டியவள் நான். திக்குகிறவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் நானே முடித்துவிடுகிறேன் என்று புலம்பினேன். அந்த அவசரத்தை எதிரே உட்கார வைத்துத் திட்டச் சொன்னார் மேடம். முதலியார்பேட்டை வீட்டின் படுக்கையறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். காதில் இயர்போன். (மேடம் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. நான் சொன்னது தெருவுக்கே கேட்டது.)

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. “அடுத்தவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பேசிடுற. உன்னால என் பேரே கெட்டுப்போச்சு. இனிமே இங்க உனக்கு எடமில்ல, கெளம்பு” என்று அழுதே விட்டேன். திரையில் கைதட்டினார்கள்.

மற்றவர்கள் முறையும் முடிந்து, பெருமையோடு வெளியே வந்தால் சமையலறையில் இருந்த மாமியாரைக் காணோம். அடுப்பு அணைந்திருந்தது. கூட்டு பாதிதான் வெந்திருந்தது. அவருடைய துணிப்பையும் இல்லை. அதற்குள் அரியாங்குப்பத்திலிருந்து நாத்தனார் போன் செய்துவிட்டாள். “அம்மா அழுதுகினே வந்து எறங்குது. கெளம்புன்னு சொன்னீங்களாமே அண்ணி?”

அவர் இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. (ஆனால் ஒன்று. நான் திட்டிய ஒவ்வொரு வரியும் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.)

ஸ்கூட்டரில் பறந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “அத்தை, சத்தியமா உங்கள சொல்லல. நாற்காலிய சொன்னேன்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “நாற்காலி உன்ன என்னாம்மா பண்ணுச்சு?”

மேடத்துக்கே போன் போட்டுக் கொடுத்தேன். அவர் விளக்க ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் மாமியாரே முடித்து வைத்தார். ஒருவழியாக நம்பி, ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார்.

நம்பினாரா, வித்தையைக் கற்றுக்கொண்டாரா என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. நான் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டிருந்தேன். அவர் அதே நாற்காலியைக் கூடத்தில் இழுத்துப் போட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் செய்த அத்தனையையும் அதனிடம் சொன்னார். விருந்தாளிகள் இருந்தாலும் இன்றுவரை இதே கதைதான். நான் குறுக்கே வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

“நீ ஏம்மா பதில் சொல்ற? நான் நாற்காலிகிட்ட பேசினு இருக்கேன்.”